திரும்பி வருகிற நேரத்தை முதலில் எழுதுங்கள்

(எமது தோட்டங்களின் இளைஞர், யுவதிகள் சைக்கிள் பயணத்துக்காக நெல்லியடி சென்றிருந்தபோது, பயணத்துக்கு முதல் நாள் மாலை அவ்வூர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அவர்களுக்கு ஆற்றிய உரை இது. வீட்டில் இருக்கும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய விடயங்கள் இதில் இருப்பதால், பேசியபடியே தருகிறோம்.)



இன்று பின்னேரம் உங்களை வல்லைப் பாலம் வரைக்கும் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனேன். போகும்போது எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். பாட்டு, சிரிப்பு, ஆளை ஆள் முந்துகிற ஓட்டம். ஒரு தம்பி கேட்டார், "சேர், இது என்ன சேர் பயணம்? மேடு பள்ளமே இல்லையே. எங்க தோட்டத்து ரோட்டுல ஏறினவனுக்கு இதெல்லாம் ஒரு தூரமா?" என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. பாலத்தில் நின்று நீரேரியைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். திரும்பிய ஐந்தாவது நிமிடத்தில் பாட்டு நின்றது. பத்தாவது நிமிடத்தில் பேச்சும் நின்றது. அந்தத் தம்பி இறங்கி உருட்டிக்கொண்டு வந்தார். நான் பெயர் சொல்லமாட்டேன். அவரே சிரிக்கிறார்.

என்ன நடந்தது? றோட்டு அதே றோட்டு, சைக்கிள் அதே சைக்கிள். காற்று மட்டும் முகத்துக்கு வந்துவிட்டது. இது மாசி மாதம். வாடைக்காற்று வடகிழக்கில் இருந்து வருகிறது. போகும்போது அது உங்கள் முதுகில் கைவைத்துத் தள்ளியது. நீங்கள் உங்கட காலின் பலம் என்று நினைத்தீர்கள். வல்லை வெளியில் மரமும் இல்லை, மதிலும் இல்லை. யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிளில் போய்வந்த எங்கட ஆட்கள் எல்லோருக்கும் அந்த வெளியின் காற்றைத் தெரியும். எங்களுக்கு மலை இல்லைப் பிள்ளைகளே. காற்றுத்தான் எங்கட மலை.

உங்களுக்கும் இது புதிதல்ல. லயத்தில் இருந்து ஆற்றங்கரைக்கு இறங்கப் பதினைந்து நிமிடம். ஏறி வர எவ்வளவு நேரம்? இறக்கம்தான் உங்கட பின்காற்று. இரண்டும் ஆளை ஏமாற்றும். ஆகையால் நான் இன்று சொல்லப்போகிற முக்கியமான விடயம் ஒன்றுதான். பயணத்தைத் திட்டமிடும்போது புறப்படும் நேரத்தை அல்ல, திரும்புகிற நேரத்தை முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரும்.

நான் பட்ட பாடு

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 1978ஆம் ஆண்டு வைகாசி மாதம், எனக்குப் பதினேழு வயது. நானும் இரண்டு கூட்டாளிமாரும் என் தம்பியுமாக மணற்காட்டுக்குப் புறப்பட்டோம். தம்பிக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில், வல்லிபுரக் கோயிலுக்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னோம். நாலு பேருக்கும் ஒரு போத்தல் தண்ணீர். புறப்பட்டதே காலை ஒன்பதரைக்கு. சோளகக்காற்றுக் காலம், பின்னால் நின்று தள்ளியது. மணற்காட்டில் மணல் மேடுகளில் ஏறி உருண்டோம், கடலைப் பார்த்தோம், நேரம் பார்க்கவில்லை.

திரும்பும்போது உச்சி வெயில். காற்று முகத்தில். மணல் சூட்டில் காலை வைக்க ஏலாது. குடத்தனைக்குக் கிட்ட வரும்போது தம்பி ஒன்றும் பேசாமல் வந்தான். "என்னடா?" என்று கேட்டதற்கு, "குளிருது" என்றான். அந்த வெயிலில் குளிருகிறது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. சற்றுத் தூரத்தில் சைக்கிளோடு சரிந்துவிட்டான். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் ஓடிவந்து, அவனை வேப்பமர நிழலில் கிடத்தி, நனைத்த துணியால் கழுத்தையும் கையிடுக்கையும் ஒற்றி, உப்புப் போட்ட மோரைச் சிறிது சிறிதாகப் பருக்கினார். அவன் எழும்பி இருக்க ஒரு மணித்தியாலம் சென்றது. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "நீ பெரியவன். உன்னாலை ஏலும் எண்டு கணக்குப் பார்த்தனி. அவனாலை ஏலுமோ எண்டு பார்க்கேல்லை."

அதுதான் இரண்டாவது விடயம். கூட்டத்தில் மெலிந்தவர் யாரோ, அவருடைய காலைக் கொண்டுதான் தூரத்தை அளக்க வேண்டும்.

நாளைய பாதை

இனி நாளைய பயணத்துக்கு வருவோம். ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர், போய் வருவதற்கும் சேர்த்து. கடினமும் இல்லை, இலேசும் இல்லை. நெல்லியடியில் இருந்து மந்திகை. அங்கே ஆதார வைத்தியசாலை இருக்கிறது, அதைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு புலோலிப் பக்கமாக வல்லிபுர ஆழ்வார் கோயில். அந்த ஊரில்தான் 1936இல் பழைய பொன் ஏட்டுச் சாசனம் ஒன்று கிடைத்தது. கோயிலைத் தாண்டினால் மணலும் பனையும் வெளியும். மருதங்கேணிக்குப் போகிற வீதியில் குடத்தனைப் பக்கம் போய், கடற்கரைக்குத் திரும்பினால் மணற்காடு.

அங்கே சவுக்கங்காடு இருக்கிறது. இந்த இடத்தில் ஒரு சொல்லில் குழம்பவேண்டாம். உங்கட தோட்டத்தில் சவுக்கு என்று சொல்வது, தேயிலைக்கு நிழலுக்கு நிற்கிற வேறு மரம். இங்கே சவுக்கு என்றால் ஊசி ஊசியாக இலை மாதிரி இருக்கிற கடற்கரை மரம். மணல் பறந்து ஊரை மூடாமல் பிடித்து வைப்பதற்கு நட்டது. நீங்கள் சரிவில் மண் கழுவிப் போகாமல் மானாப்புல் வைக்கிறீர்கள் அல்லவா, அந்த வேலையைத்தான் இது செய்கிறது. அது செய்யாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு மணற்காட்டிலேயே சாட்சி இருக்கிறது. பழைய அந்தோனியார் தேவாலயம் மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கிறது. மவுசாக்கலையில் தண்ணீர் வற்றும்போது பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தண்ணீர் மூடியது, இங்கே மணல் மூடியது. 2004 டிசம்பர் 26இல் கடலும் வந்து அடித்துவிட்டுப் போன ஊர் அது. ஆகவே அங்கே சத்தம் போட்டு ஓடித் திரிய வேண்டாம். ஆட்களைக் கண்டால் வணக்கம் சொல்லுங்கள்.

நேரம் இருந்தால் மட்டும், திரும்பி வந்து அம்பன் பக்கம் சிறிது தூரம் போவோம். ஒரு பக்கம் கடலோர மணல், மறுபக்கம் வடமராட்சி நீரேரி. இந்த மாதங்களில் நீர்ப்பறவைகள் வரும். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைகளையும் காணலாம். இதே கரையில் தெற்கே வெகுதூரம் போனால் சுண்டிக்குளம். 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசிய பூங்காவானது. அது நாளைக்கு இல்லை. அது வேறொரு நாள், வேறொரு திட்டம்.

உங்கள் ஊரில் திரும்பின பக்கமெல்லாம் ஓடை. எங்கட குடாநாட்டில் அப்படி ஆறு இல்லை. மழை மண்ணுக்குள் இறங்கி, சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கி, கிணற்றில் வருவதுதான் எங்கட சீவியம். நீரேரியின் உப்பைத் தடுத்து நன்னீராக்கினால் கிணறுகள் பிழைக்கும் என்று பொறியியலாளர் ஆறுமுகம் பெரிய திட்டமே போட்டார். தொண்டைமானாற்றுத் தடுப்பணையும் அந்தத் திட்டத்தில் ஒரு பங்கு. திட்டம் முழுதாக நிறைவேறவில்லை. இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், நாளைக்கு வழியில் கிணற்றைக் கண்டதும் போத்தலை நிரப்ப ஓடாதீர்கள். பல கிணற்றுத் தண்ணீர் உவர். வீட்டாரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

நேரக் கணக்கு

கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், பாருங்கள். முதல் வரியில் "9.00 திரும்புதல்" என்று இருக்கிறது. அதற்குக் கீழேதான் மற்றவை. காலை 5.45 புறப்பாடு. 6.45 அளவில் வல்லிபுரம், அங்கே கால் மணி ஆறுதல். 8 மணிக்கு மணற்காடு. 9 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புதல். பறவை பார்க்கக் கிடைக்கவில்லையா? திரும்புதல். இன்னும் ஒரு மேட்டில் ஏறிப் படம் எடுக்க வேண்டுமா? திரும்புதல். 11 மணிக்குள் இந்த மண்டபத்தில் சாப்பாட்டுக்கு இருக்க வேண்டும்.

காற்று நாளைக்குப் போகும்போது முகத்திலும் தோளிலும் படும். வீட்டுக்குக் கிட்ட, களைத்த நேரத்தில், முதுகுப் பக்கம் வரும். வேண்டுமென்றுதான் கிழக்கே போகிற பாதையைத் தெரிந்தெடுத்தேன். கஷ்டத்தை முதலில் வைத்தால் களைப்பு வரும்போது பாதை உதவி செய்யும்.

ஓடும் ஒழுங்கு இப்படி. முன்னுக்கு ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர். முன்னவரை ஒருவரும் முந்தக்கூடாது, கடைசியாளுக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக்கூடாது. ஆக மெதுவாக ஓடுகிற பிள்ளை முன்னவருக்கு அடுத்ததாக வரவேண்டும். அவரைப் பின்னால் விட்டால் எல்லோரையும் துரத்தித் துரத்தியே களைத்துப் போவார். முன்னால் விட்டால் அவருடைய வேகம்தான் எங்கள் வேகம். ஒவ்வொரு சந்தியிலும் நின்று தலையை எண்ணுவோம். பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுகிற மாதிரித்தான்.

சைக்கிளைப் பார்த்தல்

இன்று படுக்க முதல் ஒவ்வொருவரும் தன் சைக்கிளைத் தானே பார்க்க வேண்டும். பிறேக் இரண்டும் பிடிக்கிறதா? சில்லைத் தூக்கிச் சுழற்றினால் நெளிகிறதா? நட்டுகள் இறுக்கமா? செயினுக்கு எண்ணெய் இருக்கிறதா? ஆசனத்தில் இருந்து குதிக்காலைப் பெடலில் வைத்தால், கீழே போகும்போது கால் நேராக வரவேண்டும். அதைவிடத் தாழ்வாக இருந்தால் முழங்கால் நோகும்.

கியர் சைக்கிள் புதிதாக ஓடுகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். ஏற்றம் வந்த பிறகு கியர் மாற்றாதீர்கள். ஏற்றத்தைக் கண்டவுடன், கால் இலேசாக இருக்கும்போதே மாற்ற வேண்டும். காற்றுக்கும் அப்படித்தான்.

மணலில் ஓடுவதற்கு ரயர் காற்றைக் கொஞ்சம் குறைக்கலாம். ரயர் பரந்து மணலில் புதையாமல் போகும். இலேசான கியரில் போட்டு, உடம்பைச் சற்றுப் பின்னுக்கு வைத்து, ஹாண்டிலைத் திடீரென்று வெட்டாமல், நிற்காமல் மிதியுங்கள். புதைந்தால் இறங்கி உருட்டுங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. தார் றோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்றை அடியுங்கள். சவுக்கங்காட்டில் காய்ந்த இலை பரவிக் கிடக்கும், அடியில் வேர் குறுக்கே ஓடும். அங்கே மெதுவாக. அந்தச் சருகில் ஒரு நெருப்புக்குச்சி போதும், ஆகவே அடுப்பும் வேண்டாம், புகையும் வேண்டாம்.

கூட்டத்துக்கு இரண்டு பம், ஒட்டுச் சாமான், மாற்று ரியூப் இரண்டு என்னிடம் இருக்கிறது. ஒட்டுப் போடத் தெரியாதவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள், பழகிக்கொண்டு ஊருக்குப் போங்கள்.

தண்ணீரும் வெயிலும்

ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். தாகம் வந்த பிறகு குடிப்பது பிந்திய வேலை. கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இரண்டு மடக்கு. நீங்கள் குளிர் தேசத்துப் பிள்ளைகள், இந்த வெயில் உங்கள் உடம்புக்குப் பழக்கமில்லை. தலையிடி, தலைச்சுற்று, காரணமில்லாத எரிச்சல், வெயிலில் குளிர், இதில் எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். சொல்லாமல் சமாளிப்பது கெட்டித்தனம் இல்லை. ஜீவனி பக்கற் இருக்கிறது. அது இல்லாத இடத்தில் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். ஆள் மாறிப் பேசினால், மயங்கினால், அது வைத்தியசாலை வேலை. 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

அட்டை இங்கே இல்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் மணலிலும் சருகிலும் சுருட்டைப் பாம்பு இருக்கும். கல்லையும் கட்டையையும் கையால் புரட்டாதீர்கள். கடலில் ஒருவரும் இறங்கக்கூடாது. பார்க்க அழகாக இருக்கும், அலை இழுவை வேறு. கால் நனைக்கிறோம் என்று கேட்டாலும் என் பதில் அதுதான்.

பாதையை விட்டு விலகாதீர்கள்

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். நாங்கள் அம்பனுக்கு அப்பால் போகப்போவதில்லை. அதற்கு அப்பால் நாகர்கோவில். அங்கிருந்து முகமாலை, கிளாலி வரைக்கும் பல வருடம், 2009 தொடக்கம் வரை, போரின் முன்னரங்கு இருந்தது. மண்ணுக்குள் மிதிவெடிகள் நிறைந்த இடம். வருடக் கணக்காக அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி எடுத்து வருகிறார்கள். அந்த வேலை செய்கிறவர்களில் பெண்கள் நிறையப் பேர். கையில் சின்னக் கருவியோடு, வெயிலில் முழங்காலில் இருந்து செய்கிற வேலை. கொழுந்து பறிக்கிற கைகளுக்கு அந்தப் பொறுமை விளங்கும். பெரும்பகுதி துப்புரவாகி மக்கள் குடியேறி வாழ்கிறார்கள். ஆனாலும் பழைய போர் நிலத்தில், வழமையாக ஆள் நடக்காத பற்றைக்குள் போவது எங்கள் வேலை இல்லை.

நாளைய பாதை எல்லாம் ஊரவர் தினமும் போய்வருகிற பாதை. அதனால்தான் அதைத் தெரிந்தேன். அப்படியிருந்தும் இது சட்டம்: பாதையை விட்டு இறங்கக்கூடாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் நின்று, வந்த வழியே திரும்பிப் பெரியவருக்குச் சொல்லுங்கள். தெரியாத இரும்புப் பொருளைத் தொடாதீர்கள், உதைக்காதீர்கள். இதில் விளையாட்டு இல்லை.

ஒரு தாயின் கேள்வி

நேற்று உங்களில் ஒரு பிள்ளையின் அம்மா தொலைபேசியில் என்னோடு கதைத்தா. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க சேர் இந்த சைக்கிள் சவாரி?" என்று கேட்டா. அவவின் பயம் நியாயமான பயம். அதற்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1990இல் போர் மூண்டபின் இங்கே பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. சைக்கிள்தான் எங்கட பஸ், எங்கட லொறி, எங்கட அம்புலன்ஸ். பாரில் ஒரு பிள்ளை, கரியரில் ஒரு நோயாளி, ஹாண்டிலில் அரிசிப் பை. பற்றரி கிடையாத நாளில் சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோம். ஆனையிறவுப் பாதை மூடிக்கிடந்தபோது, கொம்படி, ஊரியான் சதுப்புத் தண்ணீருக்குள்ளால் சைக்கிளை உருட்டியும் தூக்கியும் வன்னிக்குப் போய்வந்த சனம் நாங்கள். அந்த வருடங்களில் ஆசிரியைமார், தாதிமார், படிக்கிற பெண்பிள்ளைகள் எல்லோரும் சைக்கிளில்தான் போனார்கள். பெண்பிள்ளை சைக்கிள் ஓடலாமா என்ற கேள்வி இங்கே அப்படியே செத்துப்போனது. 2022இல் எண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது முழு நாடும் சைக்கிளைத் தேடியது. அந்த நேரம் ஓடத் தெரிந்த பிள்ளை ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் போய்வந்தது.

ஆனால் "பயப்படாதீங்கோ" என்று மட்டும் அந்த அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. பாதையைச் சொன்னேன், யார் யார் கூட வருகிறார்கள் என்று சொன்னேன், எந்த இடத்தில் கழிப்பறை என்று சொன்னேன், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொன்னேன். "பதினொரு மணிக்குப் பிள்ளை உங்களுக்கு எடுத்துக் கதைப்பா" என்று வாக்குக் கொடுத்தேன். அதன் பிறகுதான் அவ சரி என்றா. பெற்றோர் மறுப்பது பயணத்தை அல்ல, கணக்கில்லாத பயணத்தை. நான் 1978இல் வீட்டில் பொய் சொல்லிப் போனேன். விழுந்து கிடந்த இடம் வீட்டுக்குத் தெரியாது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு பதறுகிறது.

ஊருக்குப் போன பிறகு

நாளைக்குப் பழகுவதை இங்கேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். என் முதல் நியமனம் மலைநாட்டில்தான். காசல்ரீ நீர்த்தேக்கக் கரைப் பாதைகளை நான் சைக்கிளில் சுற்றியிருக்கிறேன். தண்ணீர் ஒரு பக்கம், தேயிலை ஒரு பக்கம். அந்த மாதிரி இடம் இந்த உலகத்தில் எங்கே இருக்கிறது? கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பெக்கோ நடைபாதை, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதிகளாக 2023இல் திறக்கப்பட்டது. வெளிநாட்டார் காசு செலவழித்து வந்து நடக்கிற அந்தப் பாதையில் பெரும்பங்கு உங்கட பாட்டன், பாட்டி கொழுந்துக் கூடையோடு நடந்த தோட்டப் பாதை. அதில் உங்களுக்கும் ஒரு விடுமுறைக் காலை உண்டு.

ஆனால் அங்கே சட்டம் கொஞ்சம் மாறும். தோட்டத்துக்குள் போக முன்கூட்டியே கேட்டு அனுமதி எடுங்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் வைகாசியில் இருந்து புரட்டாதி வரை மழைக்காலம். தை, மாசி, பங்குனி நல்லது. பின்னேர மழைக்கும் மூடுபனிக்கும் முன்னர் வீட்டில் இருக்க வேண்டும். இறக்கத்தில் இரண்டு பிறேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். முன் பிறேக்கை மட்டும் இறுக்கினால் தலைக்குப்புறப் போவீர்கள். நனைந்த சில்லில் பிறேக் பிடிக்க நேரம் எடுக்கும், ஆகவே முன்னரே வேகத்தைக் குறையுங்கள். ஓடைத் தண்ணீர் தெளிவாக இருந்தாலும், மேலே மருந்து அடித்த மலை இருக்கிறதா என்று தெரியாமல் குடிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இறங்க எடுத்த நேரத்தை எழுதி, ஏறுவதற்கு அதைப்போல நாலு மடங்கு வையுங்கள்.

என் தம்பி இன்று பேரப்பிள்ளைகளோடு சுகமாக இருக்கிறார். குடத்தனை அம்மா இப்போது இல்லை. ஒவ்வொரு முறையும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த வழியால் போகும்போது, அந்த வேப்பமரத்தடியில் ஒருக்கால் நிறுத்துவேன். நாளைக்கும் நிறுத்துவேன். தண்ணீர் குடிக்கிற இடம் அது.

இப்போது சாப்பிட்டு, சைக்கிளைப் பார்த்து, ஒன்பது மணிக்குப் படுங்கள். காலை ஐந்து மணிக்குத் தேத்தண்ணி. உங்கட தேயிலைதான்.